தோல் டாக்டரிடம் நான் மறைத்த குடி

எனக்கு 11 வருஷமாக சொரியாசிஸ். ராத்திரி அரிப்பு தாங்காமல் ஒரு குவார்ட்டர் போட்டால் தூக்கம் வரும். விடிந்து பார்த்தால் பாயெல்லாம் செதில், முந்தின நாளைவிட அதிகம். அந்த வேதனையில் சாயங்காலம் மறுபடி கடை. குவார்ட்டர் ரெண்டானது.

களிம்பு கேட்காமல் போனதும் மெத்தோட்ரெக்சேட் எழுதும் முன் டாக்டர், "குடிப்பீங்களா?" என்றார். பின்னால் வரிசையில் எங்கள் ஊர்க்காரர் நின்றார். "எப்பவாவது சார்" என்றேன். அந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள்தான். அதோடு குடியும் சேர்ந்தால் அடி ஈரலுக்கு. ரெண்டாம் மாசம் ரத்தத்தில் ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. அளவு 168. உடனே நிறுத்தினார்கள்.

அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார். அலைச்சல் அங்கே ஆரம்பித்தது. "இது தோல் சீட்டு, இங்க செல்லாது" என்றார் அங்கிருந்தவர். புதுச் சீட்டுப் போடும் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். வெளியே வந்தால் மணி 12, கடை திறக்கும் நேரம். போய்விட்டேன்.

மறுநாள் தங்கச்சி கூடவே வந்தாள். புதுச் சீட்டு கிடைத்தது, "ரத்த ரிப்போர்ட் எங்க?" என்றார்கள். அது தோல் பிரிவு ஃபைலில் இருந்தது, எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. குடியை விட வருகிறவனை ரெண்டு நாள் வெறுங்கையோடு அனுப்பினால் அவன் எங்கே போவான்? மூணாம் நாள்தான் டாக்டரைப் பார்த்தேன்.

ரிப்போர்ட் வாங்கியதுமே போனில் படம் எடுத்துவிடுங்கள், ஒரு ஜெராக்ஸும் பையில் இருக்கட்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் குடியை விட உதவும் ஹெல்ப்லைன் 14446-க்குக் கூப்பிடுங்கள், இலவசம். முக்கியமாக, தினமும் குடிப்பவர்கள் வீம்புக்கு ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். போன வருஷம் நான் அப்படி நிறுத்தி, ரெண்டாம் ராத்திரி கை நடுங்கி, வலிப்பே வந்துவிட்டது. இந்த முறை வார்டில் சேர்த்து, தையமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த மனநல டாக்டர் என் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையைப் பார்த்தார். "ராத்திரி எத்தனை மணிக்கு அரிப்பு அதிகம்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

குடியை விட்டு 5 மாசம். எஸ்.ஜி.பி.டி. 41. மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பதில் இப்போது ஒளிச்சிகிச்சை. அரிப்பு இன்னும் வருகிறது. எழுந்து லிக்விட் பாரஃபின் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை ரெண்டு ஓ.பி.யும் இருக்கிறது. ரெண்டு சீட்டையும் ரிப்போர்ட்டையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.