ரிசெப்ஷனிஸ்ட் தட்டச்சு செய்யும் அந்த இரண்டு வரி

இங்கிலாந்தில் காலை எட்டு மணிக்கு, குடும்ப வைத்தியரின் நிலையமான ஜிபி சேர்ஜரிக்குப் போன் அடித்து, இருபதாவது ஆளாக வரிசையில் காத்திருந்து, கடைசியில் ஆள் கிடைத்ததும் எங்கள் ஆட்கள் சொல்லும் முதல் வசனம் பெரும்பாலும் இதுதான்: "அம்மாவுக்குச் சுகமில்லை, டொக்டரைப் பார்க்க வேணும்." மறுபக்கத்தில் இருப்பவர் "என்ன பிரச்சினை?" என்று கேட்பார். "இவ என்ன டொக்டரா, இவவுக்கு எதுக்குச் சொல்ல வேணும்?" என்ற எரிச்சல் அந்த இடத்திலேயே தொடங்கிவிடும். அந்த எரிச்சலில் கொடுக்கும் அரைகுறைப் பதில்தான் பல நேரங்களில் அன்றைய அப்பொயின்ட்மென்டைக் கெடுக்கிறது.

ரிசெப்ஷனிஸ்ட் நீங்கள் சொல்வதை ஒன்றிரண்டு வரியாகத் தட்டச்சு செய்கிறார். அன்று அவசர நோயாளிகளுக்குப் பொறுப்பாக இருக்கும் டியூட்டி டொக்டர் உங்கள் முகத்தையோ உங்கள் பதற்றத்தையோ காண்பதில்லை. அந்த வரிகளைத்தான் காண்கிறார். "68 வயது, சுகமில்லை, டொக்டர் வேணுமாம்" என்பது ஒரு வரி. "68 வயது, நீரிழிவு, இரண்டு நாளாகச் சலம் போகும்போது எரிவு, நேற்று இரவிலிருந்து 38.9 காய்ச்சல், நடுக்கம், வலது பக்க முதுகில் நோ" என்பது இன்னொரு வரி. இரண்டும் ஒரே அம்மாவைப் பற்றியதாக இருக்கலாம். முதலாவது அடுத்த கிழமைக்குத் தள்ளப்படும். இரண்டாவது சிறுநீரகத் தொற்றாக இருக்கக்கூடும் என்று டொக்டருக்கு உடனே தெரியும், அன்றைக்கே கூப்பிடுவார். ஆகவே போனில் உங்கள் வேலை ரிசெப்ஷனிஸ்டோடு வாதாடுவதல்ல, அந்த வரிகளை அவருடைய கையில் கொடுப்பது.

அவர் கேட்பது துருவி அறியும் ஆசையால் அல்ல. யாரை டொக்டரிடம், யாரை நேர்ஸிடம், யாரை பிசியோவிடம், யாரை மருந்துக்கடைக்கு அனுப்புவது என்று வகைபிரிக்க அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். டொக்டருக்கு உள்ள அதே இரகசியக் காப்புக் கடமை அவருக்கும் உண்டு. நேரில் போய்க் கவுண்டரில் நிற்கும்போது பின்னால் ஊர்க்காரர் யாராவது நின்றால், தனியாகக் கதைக்க ஓர் இடம் தாருங்கள் என்று கேட்கலாம். சொல்லக் கூச்சமான இடம் என்றால் "அந்தரங்க உறுப்புப் பிரச்சினை" என்பதோடு நிறுத்தலாம். ஆனால் எத்தனை நாளாக, எவ்வளவு நோ, காய்ச்சலோ இரத்தப்போக்கோ உண்டா என்பதைக் கட்டாயம் சேர்த்துச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்காகப் போன் எடுத்துக் கொடுக்கும்போது முதலில் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதச் சொல்வேன்: வயது, என்ன செய்கிறது, எப்போது தொடங்கியது, இன்று கூடியிருக்கிறதா, ஏற்கனவே உள்ள வருத்தங்கள், என்ன குளிசை எடுத்தும் கேட்கவில்லை. இதை வாசிக்க இருபது விநாடி போதும். கடைசியாக, நோயாளியால் இப்போது செய்ய முடியாமல் போன ஒன்றையும் எழுத வேண்டும். "படி ஏற முடியவில்லை", "நேற்றிலிருந்து தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை", "பிள்ளை பன்னிரண்டு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை." இந்த ஒரு வசனம், "சரியான வருத்தம்" என்று நூறு தடவை சொல்வதைவிடக் கனமானது.

எண்கள் இருந்தால் எண்ணாகவே சொல்லுங்கள். "உள்காய்ச்சல்" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் மறுபக்கத்துக்கு விளங்காது. வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் என்றாலே அவசரம். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு 39. சீனி அளவில் இன்னொரு குழப்பம் வரும். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ வாங்கிய மெஷின் 300 என்று காட்டும். இங்கே வேறு அலகில் அளக்கிறார்கள், அந்த 300-ஐ 18-ஆல் வகுத்து 16.7 என்று சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும். பிரசர் 180/120-ஐத் தாண்டினால் அன்றே சொல்ல வேண்டிய விடயம். அதோடு நெஞ்சு நோ, பார்வை மங்கல், கடும் தலையிடி, மூச்சுக் கஷ்டம் எதுவும் இருந்தால் ஜிபிக்கு அடிப்பதில் நேரத்தைச் செலவழிக்காமல் அம்புலன்ஸுக்கான 999-ஐ அடிக்க வேண்டும்.

எங்கள் மொழிச் சொற்கள் சில இந்த இடத்தில் ஆபத்தானவை. "மயக்கம்" என்று அம்மா சொல்வதை மகள் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லில் தலைச்சுற்று என்று மாற்றிச் சொல்லிவிடுவாள். உண்மையில் நினைவு தப்பி விழுந்தாரா, வீடு சுற்றுவதுபோல் இருந்ததா, எழும்பும்போது கண் இருட்டியதா? மூன்றும் வேறு வேறு. நினைவு தப்பியது என்றால் அதை முதலில் சொல்லுங்கள். "மூச்சு முட்டுது" என்றால் ஒரு முழு வசனத்தை இடையில் நிற்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது 999. எல்லாவற்றிலும் மோசமானது "வாய்வு". நடுநெஞ்சில் இறுக்கம், வேர்வை, கை அல்லது தாடைக்கு நோ பரவுகிறது, ஆனால் "காஸ்தான், இஞ்சி குடித்தால் சரி" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். தெற்காசியர்களுக்கு இதய நோய் வரும் ஆபத்துக் கூட. நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சு நோ பெரிதாகத் தெரியாமலே மாரடைப்பு வரலாம். அதற்கு எட்டு மணி வரிசை கிடையாது, 999 மட்டும்தான்.

மரியாதைக்காக வருத்தத்தைக் குறைத்துச் சொல்லும் பழக்கமும் இருக்கிறது. "கரைச்சல் தாறதுக்கு மன்னிக்க வேணும், பெரிசா ஒண்டுமில்லை, ஆனா..." என்று தொடங்கினால், அந்த "பெரிசா ஒண்டுமில்லை" தட்டச்சாகிவிடும். வணக்கமும் நன்றியும் சொல்லுங்கள், அவரும் காலையிலிருந்து ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பவர். ஆனால் வருத்தத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நெஞ்சு நோ இல்லாமலே நெஞ்சு நோ என்று சொன்னால் அம்புலன்ஸைத்தான் கூப்பிடச் சொல்வார்கள், அப்பொயின்ட்மென்ட் கிடைக்காது.

எட்டு மணி வரிசையில் நிற்கவே தேவையில்லாத விடயங்களும் பல. கர்ப்பிணிக்குப் பிள்ளையின் அசைவு குறைந்தால் நேரே மெட்டேர்னிட்டி பிரிவுக்கு அடிக்க வேண்டும். பல்லு நோவுக்குப் பல் வைத்தியர், அவர் கிடைக்காவிட்டால் 111 என்ற மருத்துவ ஆலோசனை இலக்கம். வேலைக்குக் கொடுக்கும் மருத்துவச் சான்று முதல் ஏழு நாளுக்குத் தேவையில்லை, நாமே எழுதிக் கொடுக்கலாம். 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தின் மருந்துக்கடைகளில் ஃபார்மசி ஃபர்ஸ்ட் என்ற சேவை இருக்கிறது. சைனஸ், தொண்டை நோ, சிறுவர்களின் காது நோ, தொற்றிய பூச்சிக்கடி, இம்பெட்டிகோ என்ற தோல் தொற்று, அக்கி, பெண்களின் சிக்கலற்ற சலத் தொற்று ஆகிய ஏழுக்கும் மருந்தாளரே பார்த்து, தேவை என்றால் அன்டிபயோட்டிக் உட்பட மருந்து தரலாம். வயது எல்லைகள் உண்டு: காது நோவுக்கு 1 முதல் 17, சலத் தொற்றுக்கு 16 முதல் 64, கர்ப்பிணிகளுக்கு இல்லை. மேலே சொன்ன 68 வயது அம்மா இதற்குள் வரமாட்டார். ரிசெப்ஷனிஸ்ட் அவரை மருந்துக்கடைக்கு அனுப்பப் பார்த்தால் வயதையும் காய்ச்சலையும் நினைவூட்டுங்கள்.

"இண்டைக்கு ஒண்டும் இல்லை" என்ற பதில் வரும்போதுதான் பலர் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். அவருடைய திரையில் காலியான நேரம் இல்லை என்பதுதான் அதன் பொருள், டொக்டர் மறுத்துவிட்டார் என்பதல்ல. அரச மருத்துவ சேவையான என்எச்எஸ் ஜிபிக்களோடு செய்துள்ள ஒப்பந்தம் 2023-இல் மாறிய பிறகு, நோயாளி முதல் தடவை தொடர்புகொள்ளும்போதே சேர்ஜரி அவருடைய தேவையை மதிப்பிட வேண்டும், அல்லது பொருத்தமான வேறு சேவைக்கு வழிகாட்ட வேண்டும். நாளைக் காலை திரும்ப அடியுங்கள் என்று மட்டும் சொல்லி விடக் கூடாது. சட்டம் கதைப்பதைவிட இப்படிக் கேட்பது பலன் தரும்: "இடம் இல்லை என்று விளங்குகிறது. நான் சொன்னதை டியூட்டி டொக்டருக்கு ஒரு செய்தியாக அனுப்ப முடியுமா? அவர் பார்த்துவிட்டு முடிவு சொல்லட்டும்." அதன் பிறகு: "எத்தனை மணிக்குள் பதில் வரும்? அதற்குள் கூடினால் நான் என்ன செய்ய வேண்டும்?" இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை எழுதி வையுங்கள், யாரோடு கதைத்தீர்கள் என்ற பெயரையும். மத்தியானத்துக்குள் நிலைமை மாறினால் வெட்கப்படாமல் திரும்ப அடித்து, மாறியது எது என்பதை மட்டும் சொல்லுங்கள். "காலையில் 38.2, இப்போது 39.4, குழம்பிக் கதைக்கிறார்." குழப்பம் புதிதாக வந்தால் அது செப்சிஸாக, அதாவது தொற்றால் உடலின் உறுப்புகள் பாதிக்கப்படும் ஆபத்தான நிலையாக இருக்கலாம், அதற்கும் 999.

டொக்டர் திரும்ப அழைக்கும் போன் பெரும்பாலும் இலக்கம் காட்டாமல் வரும். தெரியாத இலக்கத்தை எடுக்காமல் விடும் பழக்கமுள்ள வீடுகளில் இதனாலேயே அப்பொயின்ட்மென்ட் பறிபோகிறது. அன்று முழுக்கப் போனைச் சத்தத்தில் வையுங்கள். பதிவில் உள்ள இலக்கம் பழையதா என்று அழைப்பின் முடிவிலேயே சரிபாருங்கள். தோல் பிரச்சினை என்றால் படம் அனுப்ப லிங்க் வரும். எங்கள் தோலில் சிவப்புத் தெளிவாகத் தெரியாது என்பதால் பகல் வெளிச்சத்தில், நல்ல தோலும் பக்கத்தில் தெரியும்படி எடுங்கள். சூடு, வீக்கம், நோ இருக்கிறதா என்பதையும் எழுத்தில் சேருங்கள். காய்ச்சலோடு தடிப்பு வந்து, கண்ணாடிக் குவளையை அழுத்தினாலும் மறையவில்லை என்றால் படம் அனுப்பிக் காத்திருக்காமல் 999-ஐ அடியுங்கள், அது மூளைக்காய்ச்சலின் அறிகுறியாக இருக்கலாம். உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகிய இடங்களில் தடிப்பு எளிதில் தெரியும்.

2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து சேர்ஜரிகள் தங்கள் ஒன்லைன் படிவத்தைத் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 6.30 வரை திறந்து வைத்திருக்க வேண்டும். அது அவசரமில்லாத விடயங்களுக்கு. அவசரத்தைப் படிவத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், போனிலோ நேரிலோ சொல்லுங்கள். "படிவத்தை நிரப்புங்கள்" என்றே திருப்பித் திருப்பிச் சொன்னால், "என்னால் முடியாது, நான் சொல்லச் சொல்ல நீங்கள் நிரப்புங்கள்" என்று கேட்கலாம். வயதானவர்களுக்கும் ஆங்கிலம் வராதவர்களுக்கும் இந்த உதவியைச் சேர்ஜரி செய்ய வேண்டும்.

பெற்றோருக்காகப் பிள்ளை அடிக்கும்போது, "அவர் பக்கத்தில் இருக்கிறாரா? அவருடைய சம்மதம் வேண்டும்" என்பார்கள். அம்மா போனை வாங்கிப் பெயர், பிறந்த திகதி, "மகள் கதைக்கலாம்" என்று சொன்னால் போதும். இதைப் பதிவிலேயே நிரந்தரமாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதேபோல் "தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை" என்ற குறிப்பையும் போடச் சொல்லுங்கள். அது இலவசம், போனிலேயே இணைப்பார்கள், மொழிபெயர்ப்புக்காக நீண்ட அப்பொயின்ட்மென்டும் கேட்கலாம். பன்னிரண்டு வயது மகனை வைத்து அம்மாவின் மாதவிடாய்ப் பிரச்சினையை மொழிபெயர்க்க வைப்பது இருவருக்கும் கொடுமை. என்எச்எஸ் வழிகாட்டலும் பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது.

ஊரிலிருந்து பார்க்க வந்த அப்பா, அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனாலும் வழி இருக்கிறது. ஜிபியைப் பார்ப்பது இங்கிலாந்தில் விசா எதுவானாலும் இலவசம். 24 மணித்தியாலத்துக்கு மேல், மூன்று மாதத்துக்குள் தங்குபவரைத் தற்காலிக நோயாளியாகப் பதியலாம். முகவரிச் சான்றோ பாஸ்போட்டோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. பதிவு இல்லாவிட்டாலும் உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையைச் சேர்ஜரி கொடுக்க வேண்டும். அவர்கள் ஊரில் எடுக்கும் குளிசைகளின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அடியுங்கள். "வெள்ளைக் குளிசை, காலையில் ஒண்டு" என்று சொன்னால் எதுவும் எழுத முடியாது.

மாலை 6.30-க்குப் பிறகும் வார இறுதியிலும் 111. அங்கேயும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். 111-இன் இணையத்தளம் ஐந்து வயது தொடக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே, அதற்குக் குறைந்த பிள்ளைக்குப் போன்தான். மனநலம் உடைந்துபோகும் நேரத்தில் 111 அடித்து 2-ஐ அழுத்துங்கள். மருந்து முடிந்துபோனாலும் 111 வழியாக மருந்துக்கடையில் அவசரமாகச் சில நாளுக்கு வாங்க முடியும்.

இவ்வளவும் செய்தும் மரியாதையில்லாமல் கதைத்தார்கள், தகவல் டொக்டருக்குப் போகவே இல்லை என்றால், கவுண்டரில் சண்டை பிடிப்பதால் உங்கள் பதிவில் ஒரு கெட்ட குறிப்புத்தான் ஏறும். பிரக்டிஸ் மனேஜருக்கு எழுத்தில் அனுப்புங்கள்: திகதி, நேரம், கதைத்தவரின் பெயர், நீங்கள் சொன்னது, அவர் சொன்னது, அதன் பின் நோயாளிக்கு என்ன ஆனது. சேர்ஜரிக்கு எழுத விருப்பமில்லாவிட்டால் உங்கள் பகுதியின் என்எச்எஸ் சேவைகளுக்குப் பொறுப்பான இன்டகிரேட்டட் கெயார் போர்டுக்கு எழுதலாம். பதில் திருப்தி இல்லையென்றால், முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். சம்பவம் நடந்து 12 மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அழைப்பு நடந்த அன்று எழுதி வைத்த அந்தத் துண்டுக் காகிதத்தை இதற்காகவும் எறியாமல் வையுங்கள்.