பழைய கேம்பேடில் ஒரு ஸ்பிட்ஃபயர்

இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயரைக் கம்ப்யூட்டரில் ஓட்ட என்னென்ன வேண்டும் என்று சிமுலேட்டர் பைத்தியங்களிடம் கேட்டால் பெரிய பட்டியலாகச் சொல்வார்கள். நீளத் தண்டு வைத்த ஜாய்ஸ்டிக், இன்ஜினைக் கூட்டிக் குறைக்கத் தனி த்ராட்டில், மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டருக்குக் காலால் மிதிக்கும் பெடல், நாம் தலையைத் திருப்பினால் திரையில் பார்வையும் திரும்ப ஒரு டிராக்கர். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஓரளவு நல்ல செகண்ட்ஹேண்ட் பைக்கே வாங்கிவிடலாம். என்னிடம் இருப்பது அக்கா மகன் ஹாஸ்டலுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன கேம்பேட். அதிலும் இடது குச்சி தேய்ந்துபோய், விரலை எடுத்தாலும் லேசாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஹாலில் சீரியல் ஓடும் நேரத்தில் டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்து, கிராஃபிக்ஸை எல்லாம் கீழே இறக்கி, இதில்தான் பறக்கிறேன். இது போதும் என்பது என் கட்சி. அதுவும் ஸ்பிட்ஃபயருக்கு ரொம்பவே போதும்.

விமானம் டிசிஎஸ் என்ற சிமுலேட்டர் கேமில் வரும் மார்க் 9. மெர்லின் 66 இன்ஜின். 1942இல் ஜெர்மானியரின் ஃபோக்கவுல்ஃப் 190க்குப் பதில் சொல்ல அவசரமாக இறக்கிய மாடல்தான் இந்த மார்க் 9. மேப் இலவசமாகக் கிடைக்கும் காகசஸ். நார்மண்டி மேப்புக்குத் தனியாகக் காசு. காகசஸில் ஸ்பிட்ஃபயரா என்று மூக்கைச் சுளிக்கிறவர்களுக்கு: 1943இல் சோவியத் விமானப்படை அங்கே பக்கத்தில் குபான் பகுதியில் மார்க் 5 ஸ்பிட்ஃபயர்களை ஓட்டியிருக்கிறது. ஆகவே கொபுலெட்டியில் கருங்கடல் ஓரமாக நான் கிளம்புவது அப்படியொன்றும் அபத்தமில்லை. நம் ஊர் சம்பந்தம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. 1940இல் இங்கிலாந்தின் வானத்தில் ஸ்பிட்ஃபயர் ஓட்டிய பிரிட்டிஷ் விமானப்படையின் 234ஆம் ஸ்குவாட்ரனுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயர் உண்டு.

பட்டன்களை நான் பிரித்துக்கொண்டது இப்படி. வலது குச்சியில் மூக்கை மேலே கீழே அசைக்கும் எலிவேட்டரும், இறக்கையைச் சாய்க்கும் ஏலிரானும். இடது குச்சியின் பக்கவாட்டு அசைவில் ரட்டர். த்ராட்டிலைக் குச்சியில் வைக்க முடியாது, கையை எடுத்ததும் ஸ்பிரிங் நடுவுக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் அதை மேலே இருக்கும் இரண்டு தோள் பட்டன்களுக்குக் கொடுத்துவிட்டேன். வலது ட்ரிகர் துப்பாக்கி. இடது ட்ரிகர் பிரேக்.

அந்த இடது ட்ரிகரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்கு விற்கும் ரட்டர் பெடல்களில் இரண்டு கால்களுக்கும் தனித்தனி பிரேக் இருக்கும். பெடலின் மேல்பக்கத்தைக் கால் விரலால் அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தச் சமாச்சாரமே கிடையாது. ஸ்டிக்கின் தலையில் வட்டமான ஒரு கைப்பிடி, அதில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு லீவர். லீவரை அழுத்தினால் காற்றழுத்தம் பிரேக்குக்குப் போகும். ரட்டர் பெடல்கள் நேராக இருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் போகும், ஒரு பெடலை மிதித்தால் அந்தப் பக்கத்துக்கு அதிகம். அதாவது எவ்வளவு என்பதைக் கை சொல்லும், எந்தப் பக்கம் என்பதைக் கால் சொல்லும். என் கேம்பேடிலும் அதே கதைதான். ட்ரிகரை எவ்வளவு அமுக்குகிறேனோ அவ்வளவு பிரேக், இடது குச்சி சாயும் பக்கம் அது பிடிக்கும். ஆயிரக்கணக்கில் கொட்டி டோ பிரேக் வைத்த பெடல் வாங்கினவர்கள், ஸ்பிட்ஃபயரில் ஏறியதும் அந்த பிரேக்கை ஓரங்கட்டிவிட்டு ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டனைத் தேடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் இருக்கிறது, மறைப்பானேன்.

தரையில் ஓட்டும்போதுதான் இந்த பிரேக் உயிர். பின்சக்கரத்தைத் திருப்ப எந்த வழியும் இல்லை, அது தன் இஷ்டத்துக்குச் சுழலும். முன்னால் மூக்கு வானத்தைப் பார்த்து நிற்பதால் ரன்வேயே தெரியாது. அதனால் இடமும் வலமுமாகப் பாம்பு போல வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் ட்ரிகர், கொஞ்சம் குச்சி. விமானம் திரும்பத் தொடங்கிய உடனே எதிர்ப்பக்கம் கொடுத்துவிட வேண்டும், திரும்பி முடியட்டும் என்று காத்திருந்தால் அது ஒரு முழு வட்டமே போட்டு நிற்கும். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ‘புஸ்’ என்று காற்று வெளியேறும் சத்தம் கேட்கும். இடது பக்கம் கீழே இருக்கும் அழுத்தமானியில் ஊசி இறங்குவதும் தெரியும். ஃப்ளாப்பும் (தரையிறங்கும்போது இறக்கைக்குப் பின்னால் இறக்கும் தகடு) துப்பாக்கியும் அதே காற்றில்தான் வேலை செய்கின்றன, ஆகவே கண்டபடி அமுக்கித் தீர்த்துவிடக்கூடாது. ரொம்ப நேரம் ஆற அமரப் போகவும் முடியாது. ரேடியேட்டர்கள் இறக்கைக்கு அடியில் இருக்கின்றன, தரையில் அவற்றுக்குப் போதுமான காற்று கிடைக்காது. கூலன்ட்டின் சூட்டைக் காட்டும் ஊசி மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும்.

டேக்-ஆஃப். மெர்லின் காக்பிட்டிலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும், அதனால் விமானம் இடப்பக்கம் இழுக்கும். இதற்காகவே கிளம்பும் முன் ரட்டர் ட்ரிமை, அதாவது மிதிக்காமலேயே ரட்டரை ஒரு பக்கம் சாய்த்துவைக்கும் அமைப்பை, முழுக்க வலப்பக்கம் வைக்கச் சொல்வார்கள். கேம்பேட்காரனுக்கு இது வரப்பிரசாதம். ஒன்றரை சென்டிமீட்டர் அசையும் குச்சியில் பாதியை ட்ரிம் மிச்சப்படுத்திக் கொடுத்துவிடுகிறது. அடுத்தது பூஸ்ட், அதாவது இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம். இந்த இன்ஜின் +18 வரை போகும். ஆனால் ஓடுபாதையில் +7, +8 தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. முழு த்ராட்டிலைத் திறந்தால் எந்தப் பெடலாலும் பிடிக்க முடியாதபடி இடது பக்கம் புல்லுக்குள் போய்விடும். தோள் பட்டனைத் தட்டித் தட்டி மெதுவாக ஏற்றினால் வால் தானாகத் தூக்கும், அப்புறம் ரட்டருக்குக் காற்று கிடைத்துவிடும், அவ்வளவுதான்.

மேலே எழும்பிய உடனே சக்கரத்தை மடக்க வேண்டும். எனக்கு அது கீபோர்டில் இருக்கிறது, அதாவது தரைக்கு மிக அருகில் பறந்துகொண்டிருக்கும்போது வலது கையைக் குச்சியிலிருந்து எடுக்க வேண்டும். இது என் வசதிக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நிஜ ஸ்பிட்ஃபயரில் சக்கர லீவர் காக்பிட்டின் வலப்பக்கம் இருக்கிறது. பைலட் த்ராட்டிலை விட்டுவிட்டு இடது கையை ஸ்டிக்குக்கு மாற்றி, வலது கையால் லீவரைப் போட வேண்டும். ஆரம்பகால மார்க் 1இல் இன்னும் மோசம், அதில் லீவருக்குப் பதில் கையால் அடிக்கும் பம்ப். வலது கை பம்ப் அடிக்க அடிக்க இடது கையும் சேர்ந்து ஆடும், புதுப் பையன்களின் விமானங்கள் மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டே போகும். தரையிலிருந்து பார்த்தாலே யார் புதுசு என்று தெரிந்துவிடுமாம்.

வானத்தில்தான் நிஜமான சிக்கல். ஸ்பிட்ஃபயரின் எலிவேட்டர் அவ்வளவு லேசானது. அமெரிக்காவின் நாகா ஆய்வுக்கூடம் போர்க்காலத்தில் ஒரு மார்க் 5ஐ வாங்கிச் சோதித்தபோது, சாதாரணப் பறத்தலிலிருந்து இறக்கை தூக்குதிறனை இழக்கும் எல்லை வரை போவதற்கு ஸ்டிக்கை ஏறக்குறைய முக்கால் அங்குலம் இழுத்தாலே போதும் என்று பதிவு செய்தார்கள். அவ்வளவு நீளமான தண்டில் முக்கால் அங்குலம்! அதை என் கட்டைவிரல் குச்சிக்குக் கணக்குப் போட்டால் ஒரு மயிரிழைதான் வரும். கேம்பேடை அப்படியே செருகிப் பறந்தால் லேசாக இழுத்ததும் இறக்கை நடுங்கும், இன்னும் இழுத்தால் ஒரு பக்கமாகக் கவிழ்ந்து சுழலத் தொடங்கும்.

இதற்கு மருந்து கண்ட்ரோல் செட்டிங்கில் இருக்கும் கர்வ். குச்சியின் நடுப்பகுதியை மந்தமாக்கி, ஓரத்தில் மட்டும் முழு வேகம் கொடுக்கலாம். எலிவேட்டருக்கு நல்ல ஆழமான வளைவு, ஏலிரானுக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு சாச்சுரேஷன் என்ற இன்னொரு கோட்டைக் குறைத்து, குச்சியை முழுக்க இழுத்தாலும் எலிவேட்டர் முழுக்கப் போகாதபடி வைத்தேன். தரையிறங்கும்போது மூன்று சக்கரமும் சேர்ந்து தொட எலிவேட்டர் கடைசி வரை தேவைப்படும் என்பதால் ரொம்பவும் குறைக்கக்கூடாது. இடது குச்சியின் இழுப்புக்கு நடுவில் கொஞ்சம் செத்த இடம் விட்டாயிற்று. திரையின் மூலையில் ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று காட்டும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. கெட்டிக்காரர்கள் அதை மூடிவிடுவார்கள். நான் மூடுவதில்லை. கையில் கனம் தெரியாதவனுக்குக் கண்ணாலாவது தெரியட்டும்.

நல்லவேளை, இது மார்க் 1 இல்லை. அதில் குச்சியைப் படாரென்று முன்னால் தள்ளினால் கார்புரேட்டரில் எரிபொருள் தடைப்பட்டு இன்ஜின் இருமும். பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் 1941இல் ஒரு சின்ன உலோகத் தட்டைப் பொருத்தி அதை ஓரளவு சரிக்கட்டினார். மெர்லின் 66இல் அந்தத் தொல்லை கிடையாது. என்னைப் போலக் கட்டைவிரலால் வெட்டி வெட்டித் தள்ளுகிறவனுக்கு மார்க் 1 கிடைத்திருந்தால் பாதி நேரம் இன்ஜின் சத்தமே கேட்டிருக்காது.

தரையிறங்குவதில் ஒரு முடிச்சு. மூக்கு மறைப்பதால் ஸ்பிட்ஃபயரை நேராகக் கொண்டுவந்து இறக்க முடியாது, இடது பக்கம் வளைந்துகொண்டே வந்து கடைசி நொடியில் நேராக்க வேண்டும். வளையும் நேரம் முழுக்க இடது தோளுக்கு மேல் ரன்வேயைப் பார்க்க வேண்டும். பார்வையைத் திருப்புவது நாலு திசை பட்டன். அது இருப்பது இடது குச்சிக்குப் பக்கத்தில், அதாவது ரட்டரைப் பிடித்திருக்கும் அதே கட்டைவிரலின் வேலை! ஒரு விரல், இரண்டு வேலை. கடைசியில், இடப்பக்கம் எட்டிப் பார்க்கும் ஒரு பார்வையை நிலையாகப் பதிந்துவைத்து, ஒரே தட்டலில் போய் ஒரே தட்டலில் திரும்பும்படி செய்தேன். வேகம் மணிக்கு 160 மைலுக்குக் கீழே வந்ததும் சக்கரம், அப்புறம் ஃப்ளாப். ஃப்ளாப்பில் பாதி, கால் என்று எதுவும் இல்லை. மேலே அல்லது கீழே, ஒரே பட்டன். வேலியைத் தாண்டும்போது 95 மைல் இருந்தால் நிம்மதி. சக்கரங்களுக்கு நடுவே இரண்டு மீட்டர்கூட இடைவெளி கிடையாது. தொட்ட பிறகும் வேகம் நடை வேகமாகும் வரை விரல் ரட்டரில் இருந்தே ஆக வேண்டும். டச் ஆகிவிட்டது என்று சோம்பல் முறித்தால் இறக்கை நுனி சிமெண்டில் தேயும்.

சண்டையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தலையைத் திருப்ப முடியாதவன் பின்னால் வருகிறவனைப் பார்க்கவே மாட்டான். இரண்டு ஹிஸ்பானோ பீரங்கிக்கும் ஆளுக்கு 120 குண்டுதான், அதையும் நான் பெரும்பாலும் கருங்கடலுக்கே காணிக்கை கொடுக்கிறேன்.

இதே கேம்பேடில் எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 கே-4ஐயும் ஓட்டிப் பார்த்தேன். தரையில் அது சுலபம், பின்சக்கரத்தைப் பூட்டிவிட்டால் நேராக ஓடும். ஆனால் பிரேக் இரண்டு கால்களுக்கும் தனித்தனி, என் ஒற்றை ட்ரிகர் அங்கே செல்லாது. ரட்டருக்கு காக்பிட்டில் ட்ரிம் சக்கரமும் இல்லை. வாலில் இருக்கும் சின்னத் தகட்டைத் தரையில் இருக்கும்போதே மெக்கானிக் வளைத்துவிடுவார், அதோடு சரி. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அது நேராகப் போகும், மற்ற நேரமெல்லாம் கால் தாங்கிப் பிடிக்க வேண்டும். என் விஷயத்தில் கால் என்றால் இடது கட்டைவிரல், அதுவும் இழுத்துக்கொண்டே இருக்கும் அந்தத் தேய்ந்த குச்சியில். மேலே ஏறி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகிறது. 109க்கு வேண்டுமானால் பெடல் வாங்குங்கள்.