உலக முடிவுக்கு ஒன்பது மணிக்குள்

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குக் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 300 தான், நடுவில் கடல் கிடக்கிறது, அவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இதெல்லாம் தெரிந்தும் நாற்பது வயது வரைக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். வெளிநாடு, கார், மலை நடை என்றாலே சுவிட்சர்லாந்தும் நியூசிலாந்தும்தான் நினைவுக்கு வரும், அப்புறம் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு மருந்துவாழ்மலை ஏறி கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

2024 பிப்ரவரியில் நான், மனைவி, மச்சினன் மூவரும் ஒருவழியாகக் கிளம்பினோம். கொழும்பில் டிரைவரோடு கார். டிரைவர் அட்டன் என்கிற மலையூர்ப் பக்கத்துத் தம்பி, பேச்சு முழுக்கத் தமிழ். மலைப் பாதை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

முதலில் ஹோர்ட்டன் சமவெளி. சமவெளி என்ற பெயரை நம்ப வேண்டாம், 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆரல்வாய்மொழியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோமே மகேந்திரகிரி, அதுவே 1,650 சொச்சம்தான். இங்கே நடக்க வேண்டியது ஒன்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். அந்த வட்டத்தின் பாதி வழியில்தான் 'உலக முடிவு' என்கிற விளிம்பு. நிலம் அங்கே அப்படியே அறுந்து 800 மீட்டருக்கும் மேல் கீழே போகிறது.

நாங்கள் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் தங்கியிருந்தோம், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். "அண்ணே, அஞ்சு மணிக்கே வெளிக்கிட்டா நல்லது" என்று தம்பி முந்தின நாளே சொன்னார். குளிரில் யார் எழுந்திருப்பது? இட்லி கிடைக்குமா என்று விசாரித்து, கிடைக்காமல் ரொட்டி சாப்பிட்டு, தேசியப் பூங்கா வாசலுக்குப் போகும்போது ஒன்பதரை. அங்கே பையைத் திறக்கச் சொன்னார்கள், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே போகக்கூடாது. தண்ணீர் பாட்டிலில் சுற்றியிருந்த லேபிளைக்கூட ஒருவர் நகத்தால் உரித்து எடுத்தார். அடுத்தது மாமியார் கட்டிக் கொடுத்த முந்திரிக்கொத்து. பாலித்தீன் கவரைப் பிரித்து வாங்கிக்கொண்டு, உருண்டைகளை என் கையில் குவித்துவிட்டார். வேறு வழியில்லாமல் கழுத்தில் கிடந்த துவர்த்தில், அதாவது துண்டில், முடிந்துகொண்டேன். பயறும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த வாசனை ஊருக்குத் திரும்பும்வரை துவர்த்தை விட்டுப் போகவில்லை. (பெயரில் முந்திரி உண்டே தவிர பலகாரத்தில் முந்திரி கிடையாது, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.)

உலக முடிவுக்குப் போனால் வெள்ளை. வேட்டியை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்த மாதிரி வெறும் வெள்ளை. அரை மணி நேரம் நின்றோம், மச்சினன் மட்டும் "அத்தான், இதுக்கு நம்ம முட்டம் கடற்கரைக்கே போயிருக்கலாம்" என்றான். பகல் ஏற ஏறக் கீழேயிருந்து மேகம் எழுந்து வந்து மூடிவிடுமாம், அநேக நாளும் ஒன்பது, பத்து மணிக்கே.

மறுநாள் நாலரைக்குக் கிளம்பி, மறுபடியும் வெளிநாட்டவர் கட்டணம் கட்டி, ஆறு மணிக்கு உள்ளே போனோம். புல்லெல்லாம் பனியில் நனைந்து கிடக்க, பாதை ஓரமாக ஒரு மிளா (கடமான்தான்) எங்களைச் சட்டை பண்ணாமல் மேய்ந்துகொண்டிருந்தது. கீரிப்பாறைக் காட்டில் மிளா கண்ணில் பட்டால் அன்றைக்கு முழுக்க அதையே பேசுவோம். தம்பி அதை மரை என்றார். ஏழரைக்கு விளிம்பில் நின்றபோது, காலுக்கு நேர் கீழே தேயிலைத் தோட்டம், ஒரு சின்னக் குளம், தீப்பெட்டி அளவுக்கு வீடுகள், தூரத்தில் தெற்குக் கடலாக இருக்கலாம் என்று நாங்களே முடிவு பண்ணிக்கொண்ட ஒரு வெளிறிய கோடு. திரும்பும் வழியில் பேக்கர் அருவி. பிறகு காருக்கு வருவதற்குள் மேகம் வந்துவிட்டது.

எல்ல ஊரைச் சுருக்கமாகவே சொல்கிறேன். குட்டி ஆதாம் சிகரம் ஒரு மணி நேரம்கூட எடுக்காது, தேயிலைக்கு நடுவே பாதை, கடைசியில் கொஞ்சம் படி, குழந்தைகளோடு போகலாம். 1921-இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம். எல்ல பாறைக்கு நாலு மணி நேரம் வேண்டும், தண்டவாளம் வழியாக நடந்துபோய்ப் பிரிய வேண்டும், அங்கே வழி சொல்கிறேன் என்று யாராவது கூடவே வந்து கடைசியில் காசு கேட்பார்கள். எங்களுக்கும் நடந்தது. எல்லாம் அழகுதான், ஆனால் செல்ஃபி கூட்டம் தாங்கவில்லை.

எனக்குப் பிடித்தது அப்புத்தளை பக்கத்தில் லிப்டன் இருக்கை என்கிற காட்சிமுனைதான். தாமஸ் லிப்டன் கட்டிய தம்பத்தென்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏழு கிலோமீட்டர். எல்லோரும் ஏறித்தான் போகிறார்கள், நாங்கள் மாற்றிச் செய்தோம். இருட்டிலேயே த்ரீவீலரில் மேலே போய், விடியலைப் பார்த்து, அங்கே இருக்கிற சின்னக் கடையில் தேநீர் குடித்துவிட்டு நடந்து இறங்கினோம். முட்டி வலி உள்ளவர்கள் ஏறி நடப்பதே நல்லது. ஆனால் இறங்கி வந்தால் ஒரு லாபம், தோட்டம் விழித்துக்கொள்கிற நேரத்துக்கு எதிரே போவீர்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாசல்களில் அடுப்புப் புகை, வெள்ளைச் சீருடையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், கூடையோடு மேலே ஏறி வருகிற பெண்கள், வழி முழுக்கத் தமிழ்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, நிரைக்குள் நின்றபடியே, கை நிற்காமல், "எந்த ஊருங்க?" என்று கேட்டார். கன்னியாகுமரிப் பக்கம் என்றேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரல்கள் கிள்ளிக் கிள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டே இருந்தன, அவர் கண் எங்கள் மேல்தான் இருந்தது.

"அங்கேயிருந்து பாத்தா இலங்கை தெரியுமா?"

தெரியாது என்றேன். சின்ன ஏமாற்றம் அவருக்கு. மனைவி துவர்த்தை அவிழ்த்து, மிச்சமிருந்த முந்திரிக்கொத்தில் இரண்டை நீட்டினாள். ஒன்றை வாயில் போட்டு, இன்னொன்றை மகனுக்கு என்று சேலை முந்தியில் முடிந்துகொண்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார்.