பத்து விநாடிக்குள் பதில்

டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று நாள் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடத்தப் பள்ளி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். வகுப்புக்குள் ஹீட்டர் உண்டு, வராந்தாவில் கிடையாது. கோட்டின் இரண்டு பைகளிலும் கைரோ பாக்கெட். உள்ளே இரும்புத்தூள், பிரித்து நாலு உதறு உதறினால் மத்தியானம் வரை கதகதவென்று இருக்கும். எதிரே ஒரு மேசை, ஒரு நாற்காலி, 100 யென் கடையில் வாங்கிய டைமர், மதிப்பெண் தாள். தாளில் நாலு கட்டம்: உச்சரிப்பு, சொல்வளம், இலக்கணம், உரையாடல். கட்டத்துக்கு 5 மார்க். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். வகுப்பில் 34 பேர்.

ஜப்பானில் சைத்தாமா மாகாணத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலத்துக்குத் துணை ஆசிரியராக இருக்கிறேன். இங்கே ஏ.எல்.டி. என்பார்கள். 1987இல் தொடங்கிய ஜெட் என்கிற அரசுத் திட்டத்தில் வந்தவள் இல்லை. ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்று வழியாக வந்தவள். பாடத்துக்குப் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியைதான். அவர் என்னையும் சென்செய், அதாவது ஆசிரியர் என்பார், நானும் அவரைச் சென்செய் என்பேன்.

நான் கோவில்பட்டிக்காரி. தமிழ் மீடியம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு சென்னையில் ஒரு கால் சென்டர் நேர்காணலுக்குப் போனேன். ஹெட்போனை மாட்டிப் பேசச் சொன்னார்கள். நான் 'எவ்ரி' என்று நினைத்துக்கொண்டு 'யெவ்ரி' என்றேனாம், 'ஒன்லி' என்று நினைத்துக்கொண்டு 'வொன்லி' என்றேனாம். வெளியே வந்த தாளில் 'எம்.டி.ஐ. அதிகம்' என்று எழுதியிருந்தது. தாய்மொழித் தாக்கத்துக்கு அவர்கள் வைத்திருந்த சுருக்கப் பெயர். ஏதோ ரத்தப் பரிசோதனை முடிவு மாதிரி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த நான்தான் இப்போது பிறர் பெற்ற பிள்ளைகளுக்கு உச்சரிப்பு மார்க் போடுகிறேன்.

பிள்ளைகள் வருகைப் பதிவேட்டு எண் வரிசையில் வருவார்கள். குடும்பப் பெயரின் எழுத்து வரிசைப்படிதான் எண். இந்த வரிசையை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹ இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் ப ஒலிதான் இருந்தது. அதையும் மாற்றிப் போட்டால் நம் ஒன்றாம் வகுப்புச் சிலேட்டு! சமஸ்கிருத எழுத்துகளைப் படித்த புத்த பிட்சுகள் வழியாக வந்த அடுக்கு இது. ஆவோக்கி முதலில், வத்தனபே கடைசியில்.

முதல் பையன் வந்தான். வராந்தாவில் கதவு ஏது? சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு என் மேசையையே இரண்டு தட்டு தட்டி, "மே ஐ கம் இன்?" என்றான். எய்க்கென் தேர்வுக்கான பயிற்சி அப்படி. 1963 முதல் நடக்கிற ஆங்கிலத் திறன் தேர்வு. மூன்றாம் நிலையிலிருந்து மேலே போனால் நேர்முகமும் உண்டு. கதவு தட்டுவது, அனுமதி கேட்பது, உட்காரச் சொன்ன பிறகு உட்காருவது எல்லாம் டியூஷனில் மனப்பாடம். கதவில்லாத இடத்தில் கதவைத் தட்டியவனுக்கு மார்க் போட என் தாளில் கட்டம் இல்லை.

ஏன் இந்தப் பாடு என்றால், பேச்சுதான் இந்த நாட்டுக்கு இப்போது பெரிய தலைவலி. 2023இல் நாடு முழுக்க நடுநிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கல்வி ஆய்வு நடந்தது. ஆங்கிலப் பேச்சுப் பகுதியில் 5 கேள்வி. சரியான விடை சராசரியாக 12.4 சதவீதம். பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஐந்தில் ஒன்றுகூடச் சரியில்லை. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தனியார் ஆங்கிலத் தேர்வுகளைச் சேர்ப்பதாக இருந்தார்கள். பணக்காரப் பிள்ளைகளுக்குத்தானே வசதி என்று எதிர்ப்பு கிளம்பி 2019 நவம்பரில் அதைத் தள்ளிவைத்தார்கள், பிறகு கைவிட்டார்கள். டோக்கியோவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளி நுழைவுக்கு டேப்லெட்டில் பேசும் தேர்வு ஒன்று உண்டு. மொத்தம் 1020இல் அதற்கு 20. எங்கள் சைத்தாமாவில் அது இல்லை. ஆனால் நான் போடுகிற மார்க் நைஷினில் சேரும். நைஷின் என்பது பள்ளி அனுப்பும் உள்மதிப்பெண். உயர்நிலைப் பள்ளி கிடைப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்பதால் அம்மாக்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

உச்சரிப்புக்கு ஒரு சின்னப் பத்தி. தொண்டர்கள் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள் என்கிற மாதிரி நாலு வரி. வாலன்டியர் 'போரான்தியா' ஆகும். ரிவர் 'ரிபா' ஆகும். ஜப்பானிய மொழியில் ர, ல இரண்டும் ஒன்றுதான், ஆங்கில v ஒலிக்குப் பழக்கம் இல்லை, மெய்யில் முடியும் சொல் அபூர்வம். அதனால் ஒரே மூச்சில் சொல்ல வேண்டிய ஸ்ட்ரைக் அவர்கள் வாயில் சு-தோ-ர-இ-கு என்று ஐந்து தட்டாக விழும். விரல் மடக்கி எண்ணலாம். பஸ்ஸு, காரு, டிக்கெட்டு என்று வளர்ந்த காது என்னுடையது. அவர்கள் 'பாசு' என்றால் எனக்கு ஊர் ஞாபகம்தான் வருகிறது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து 3 போடுவேன்.

ஒருமுறை வகுப்பில் உங்கள் மொழியில் கஷ்டமான சொல் ஒன்று சொல்லுங்கள் என்றார்கள். வாழைப்பழம் என்று எழுதிக்காட்டி வாசித்தேன். 34 பேரும் விதவிதமாக முயன்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாசித்ததே 'வாளப்பளம்' என்றுதான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். அதற்காகத் தமிழய்யாவிடம் உள்ளங்கையில் வாங்கியிருக்கிறேன். ஜப்பானில் அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை.

சொல்வளத்துக்குப் படம் பார்த்துப் பேச வேண்டும். புதிய பாடத்திட்டத்தில் நடுநிலைப் பள்ளி மூன்று வருடத்துக்கு மட்டும் 1600லிருந்து 1800 சொற்கள் வரை. முன்பு 1200தான். இவ்வளவு படித்த பிள்ளை, "ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வைக்கிங் சாப்பிட்டோம்" என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். இங்கே வைக்கிங் என்றால் பஃபே. 1958இல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டல் தன் பஃபே உணவகத்துக்கு வைத்த பெயர் நாடு முழுக்க ஒட்டிக்கொண்டது. "நான் மேன்ஷனில் குடியிருக்கிறேன்" என்றால் மாளிகை இல்லை, அடுக்குமாடி வீடு. "எங்கள் அப்பா ஸ்மார்ட்" என்றால் ஒல்லியாக இருக்கிறார். பரீட்சையில் பார்த்து எழுதுவதற்குப் பெயர் 'கன்னிங்'. அது ஆங்கிலம் இல்லை என்று சொன்னால் அவர்கள் முகத்தில் ஈயாடாது. கல்லூரியில் "எனக்கு ரெண்டு அரியர்" என்று நாலு வருடம் சொல்லித் திரிந்தவள் நான். வெளிநாட்டுக்காரர் காதில் அது வாடகை பாக்கி. 'பிட்டு அடிக்கிறது' எந்த அகராதியில் இருக்கிறது?

இன்னொன்று. ரொட்டியை இவர்கள் 'பான்' என்கிறார்கள், போர்த்துக்கீசியர் விட்டுப் போனது. யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தபோது கடைப் பலகையைப் பார்த்துவிட்டு, "இஞ்சையும் பாண்தானோ!" என்றார். அதே கப்பல்காரர்கள்தான்.

இலக்கணக் கட்டத்தில்தான் எனக்கு மனச்சாட்சி குத்தும். ஜப்பானிய வாக்கியமும் நம்முடையது மாதிரி வினையில்தான் முடியும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'ஏ', 'தி' கிடையாது. சுசுமு ஓனோ என்கிற அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு என்றே எழுதிக்கொண்டிருந்தார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. எனக்கும் அந்தச் சண்டையில் வேலை இல்லை. ஆனால் 17ஆம் எண்ணிடம், "காலையில் சாப்பிடுவதில்லையா?" என்று ஆங்கிலத்தில் எதிர்மறையாகக் கேட்டேன். "யெஸ்" என்றான். எனக்கு உடனே புரிந்தது. ஆமா, சாப்பிடுறதில்ல. அடுத்து ஏன் என்று கேட்டேன், தூக்கம் என்றான். பேச்சு தடங்கல் இல்லாமல் ஓடியது. சென்செய் கொடுத்த விதித்தாளில் அதற்குப் பெருக்கல் குறி: எதிர்மறைக் கேள்விக்கு 'நோ' என்று தொடங்க வேண்டும். ஒரு மார்க் குறைத்தேன். அன்று ராத்திரி அம்மா போனில், "இன்னும் சாப்பிடலையா?" "ஆமாம்மா." சொன்ன வாய் மூடுவதற்குள் அந்தப் பையன் முகம் வந்து நின்றது.

உரையாடல் கட்டத்துக்கான விதி: கேள்வி கேட்டு 10 விநாடிக்குள் பேசத் தொடங்காவிட்டால் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். இங்கே யோசிப்பது கண்ணுக்குத் தெரியும். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள், "ஏ...த்தோ" என்று இழுப்பார்கள், கூரையைப் பார்ப்பார்கள். நம்மூர்ப் பிள்ளை என்றால் தப்போ சரியோ எதையாவது சொல்லிவைக்கும். இவர்கள் வாக்கியத்தை உள்ளேயே கட்டி, கழுவித் துடைத்துத்தான் வெளியே வைப்பார்கள். டைமருக்கு அது தெரியாது.

8ஆம் எண் வந்தான். முகக்கவசம், குனிந்த தலை, வண்டி ஓசை போன பிறகு கேட்கிற மாதிரியான குரல். போன வார இறுதியில் என்ன செய்தாய் என்று கேட்டேன். தலை சாய்ந்தது. ஏத்தோ. கூரை. 10 ஆனது. விதிப்படி அடுத்த கேள்வி: விளையாட்டு பிடிக்குமா? கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "கிராண்ட்ஃபாதர்... ஹவுஸ். காக்கி. ஐ... டோராய்" என்றான்.

எனக்குக் காதில் விழுந்தது: தாத்தா வீடு, காக்கி, ஐ ட்ரை. காக்கி என்றால் ஏதோ சீருடை, தாத்தா பழைய போலீஸ்காரரோ என்னவோ, பையன் விளையாட முயற்சி செய்கிறான் போல. சரி, பாவம். சொல் 2, உரையாடல் 2, 'ட்ரை'யை 'டோராய்' என்றதற்கு உச்சரிப்பு 2. மணி அடித்தது, அடுத்தவள் வந்து மேசையைத் தட்டினாள்.

ஒவ்வொரு பிள்ளையின் டேப்லெட்டிலும் பேச்சு பதிவாகும். சாயங்காலம் ஆசிரியர் அறையில் சென்செய் சிலதை மட்டும் எடுத்துச் சரிபார்ப்பார். 8ஆம் எண்ணைப் போட்டார். ஹெட்போனில் ஒரு பக்கம் அவருக்கு, ஒரு பக்கம் எனக்கு. கேட்டுவிட்டு, "ஆ, ஹோஷிகாக்கி" என்று சிரித்தார்.

காக்கி என்பது காக்கிப் பழம், சீமைப் பனிச்சை என்று நம் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். அதில் துவர்க்கிற வகை ஒன்று. பச்சையாக வாயில் வைக்க முடியாது. தோலைச் சீவி, காம்பில் கயிறு கட்டி, கொதிநீரில் ஒரு முக்கு முக்கி, தாழ்வாரத்தில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். குளிர்காற்றில் சில வாரம் காய்ந்தால் மேலே வெள்ளையாகச் சர்க்கரை பூத்து, பேரீச்சை மாதிரி இனிக்கும். நவம்பர், டிசம்பரில் கிராமத்து வீடுகளில் ஆரஞ்சுத் தோரணம்போலத் தொங்கும். பையன் வார இறுதியில் தாத்தாவோடு அந்த வேலை செய்திருக்கிறான். சீவுவதற்கும் தொங்கவிடுவதற்கும் ஆங்கிலம் தெரியாமல், தேடித் தேடி 'ட்ரை'க்கு வந்திருக்கிறான். try இல்லை, dry. முயற்சி இல்லை. காயவைப்பது. அது முதல் கேள்விக்கான பதில்.

பதிவைத் திரும்பப் போடச் சொன்னேன். 'do' என்றுதான் சொல்கிறான், தெளிவாக. ஜப்பானிய மொழியில் 'to'வும் 'do'வும் வேறு வேறு எழுத்து. அவன் அதில் தப்பவே மாட்டான். try-க்கும் dry-க்கும் ஒரே 'ட' எழுதி வளர்ந்தவள் நான். குளிரும் முகக்கவசமும் காரணம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எம்.டி.ஐ. அதிகம் என்று அந்தச் சென்னைக்காரர்கள் எழுதியது வாயைப் பற்றி. காதை அவர்கள் சோதிக்கவில்லை.

இன்னொன்றும் பதிவில் இருந்தது. 10ஆவது விநாடியில் என் குரல் வந்து விழுவதற்குச் சற்று முன்னால், சின்னதாக ஒரு "ஐ..." கேட்கிறது. அவன் தொடங்கிவிட்டிருக்கிறான். நான் மேலே ஏறிப் பேசியிருக்கிறேன்.

பென்சிலால் போட்ட மார்க்தான். ரப்பரை எடுத்து உச்சரிப்பை 4 ஆக்கினேன், சொல்லை 3 ஆக்கினேன். சென்செய் தலையாட்டினார். உரையாடலில் 2ஐ அழிக்கப் போனபோது, "கொன்க்யோ வா?" என்றார். ஆதாரம் என்ன என்று பொருள். வேறு பிள்ளையின் அம்மா வந்து கேட்டால் மற்ற 33 பேருக்கும் 10 விநாடிதானே, இவனுக்கு மட்டும் எப்படி என்று கேட்பார். "ஐ..." என்றதை வாக்கியமாக எடுத்தால், ஏத்தோ என்று இழுத்த எல்லாரையும் எடுக்க வேண்டும். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல். ரப்பரை வைத்துவிட்டேன்.

17ஆம் எண்ணின் 'யெஸ்' பற்றியும் கேட்டேன். தமிழிலும் அப்படித்தான் என்று விளக்கினேன். அவர் ஆர்வமாகக் கேட்டு, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "ஆனால் இது ஆங்கிலத் தேர்வு, சென்செய்" என்றார்.

அடுத்த பேச்சுத் தேர்வு பிப்ரவரியில். புதிய விதித்தாள் நேற்று மேசைக்கு வந்தது. 10 விநாடி 15 ஆகியிருக்கிறது. எதிர்மறைக் கேள்வியே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். டைமரின் பேட்டரி தீர்ந்திருக்கிறது, வாங்க வேண்டும்.