பேரேட்டில் எழுதிய பாட்டுகள்

ஃபெலிஸ் பிரையண்ட், அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஒரு ஹோட்டலில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்த பெண். பூட்லோ பிரையண்ட் வயலின்காரர். 1945இல் அங்கேதான் சந்தித்தார்கள். சில நாளில் கல்யாணம். அப்புறம் இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் போய்ப் பாட்டு எழுதியே பிழைத்தார்கள். வரவு செலவு எழுதும் பேரேடுதான் அவர்களுடைய பாட்டு நோட்டு. கோடு போட்ட அந்தப் பெரிய தாள்களைப் படத்தில் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

'பை பை லவ்' பாட்டை ஏறக்குறைய 30 பேர் வேண்டாம் என்றார்களாம். 1957இல் எவர்லி சகோதரர்கள் என்ற இரட்டைப் பாடகர்கள் பாடினார்கள், பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. பூட்லோ எழுதிய 'லவ் ஹர்ட்ஸ்' பாட்டை 1960இல் பாடியதும் அவர்கள்தான். 70களில் அதையே நாசரேத் என்ற ராக் குழு பாடி உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பாடியவர் பேரைச் சொல்கிறோம், எழுதியவரை விட்டுவிடுகிறோம். எனக்கு அது உறுத்துகிறது.

இன்று ராத்திரி மூன்றாம் முறையாக 'லவ் ஹர்ட்ஸ்' பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.