கிடங்கில் உருளைக்கிழங்கு: அழுகலைவிட அஞ்ச வேண்டியவை

உருளைக்கிழங்கைக் கிடங்கில் அடைப்பவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது அழுகலுக்குத்தான். அழுகல் கண்ணுக்குத் தெரியும், மூக்கைத் துளைக்கும், எடையிலும் நட்டமாகக் காட்டிக்கொடுக்கும். ஆனால் உண்பவரின் உடல்நலத்தை வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய எதிரியல்ல; நாற்றமடிக்கும் கிழங்கை யாரும் உலையில் போடுவதில்லை. பார்வைக்கு நல்ல கிழங்காகவே இருந்துகொண்டு உள்ளே நச்சையோ சர்க்கரையையோ சேர்த்துக்கொள்வதும், தோலில் மருந்தின் எச்சத்தைத் தாங்கி வருவதும்தான் கவலைக்குரியவை. அவற்றுள் பலவும் வேறொரு கேட்டைத் தடுக்க நாமே செய்யும் காரியத்தால் வருபவை என்பதே இதிலுள்ள சிக்கல்.

வெளிச்சம் மட்டும் இதற்கு விலக்கு. அதைத் தடுப்பதால் வேறு எந்தக் கேடும் வருவதில்லை. உருளைக்கிழங்கு வேரன்று, மண்ணுக்கடியில் பருத்த தண்டு. ஆகவே ஒளி பட்டதும் பச்சை பிடிக்கத் தொடங்குகிறது. அந்தப் பச்சை வெறும் பச்சையம், அதனால் தீங்கில்லை. ஆனால் அதே ஒளி, சோலனைன், சாக்கோனைன் என்னும் கிளைக்கோ ஆல்கலாய்டு நச்சுகளையும் தோலையொட்டிக் கூட்டுகிறது. இரண்டும் தனித்தனியே நிகழ்வதால், பச்சை வெளிறித் தெரிகிறதே என்று நச்சும் குறைவு என முடிவுகட்ட முடியாது. அடிபட்ட கிழங்கிலும் முளைவிட்ட கிழங்கிலும் பச்சை இல்லாமலே நச்சு ஏறும். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட மேல்வரம்பு. 100 மில்லிகிராமைத் தாண்டினாலே காரணத்தை ஆராய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் பரிந்துரைத்தது. வேகவைப்பதால் இந்த நச்சு அழிவதில்லை. லண்டன் பள்ளியொன்றில் உருளைக்கிழங்கு உண்ட 78 மாணவர்கள் நோயுற்று, அவர்களில் 17 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை 1979இல் வெளியான மருத்துவக் கட்டுரை விவரிக்கிறது. முந்தைய பருவத்தில் மிஞ்சிப்போன கிழங்கு மூட்டையே காரணம் என்று கருதப்பட்டது. ஆள் உள்ளே இருக்கும்போது மட்டும் விளக்கை எரியவிடுவதும், கதவிடுக்கை மறைப்பதும் செலவில்லாத வேலைகள். அவற்றைக்கூடச் செய்யாத கிடங்கில் மற்றவை ஒழுங்காக நடக்கும் என்று நான் நம்புவதில்லை.

குளிரூட்டல் அவ்வளவு எளிதன்று. வெப்பநிலையை 4 டிகிரி செல்சியசுக்கு இறக்கினால் முளைப்பும் அழுகலும் அடங்கும். ஆனால் குளிரில் கிழங்கு தன் மாவுச்சத்தை உடைத்து குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் சேர்த்துவைக்கிறது. அப்படி இனித்த கிழங்கை எண்ணெயில் பொரித்தாலோ அடுப்பில் வாட்டினாலோ, அந்தச் சர்க்கரை கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலத்தோடு வினைபுரிந்து அக்ரிலமைடாகிறது. இது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பொருள். சமைத்த உணவில் இது இருப்பதை 2002 ஏப்ரலில் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தபோதுதான் உலகம் கவனித்தது. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய விதிமுறை, வறுவல் சிப்ஸுக்குக் கிலோவுக்கு 750 மைக்ரோகிராம், நீளத் துண்டுகளாகப் பொரிக்கும் ஃபிரெஞ்சு ஃபிரைஸுக்கு 500 மைக்ரோகிராம் என்று ஒப்பீட்டு அளவுகளை வகுத்து, பொரிப்பதற்கான கிழங்கை 6 டிகிரிக்கு மேல் சேமிக்கச் சொல்கிறது. நடைமுறையில் சிப்ஸுக்குப் போகும் கிழங்கை 8 முதல் 10 டிகிரியில் வைக்கிறார்கள்.

கிழங்கில் சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று அறியும் சோதனை எளிமையானது. குவியலின் பல இடங்களிலிருந்து கிழங்கெடுத்து, சீராக நறுக்கிப் பொரித்து, வண்ண அட்டையோடு ஒப்பிடுவார்கள். இளமஞ்சளாக வந்தால் நல்லது. விளிம்பில் பழுப்பேறியிருந்தாலோ, ஒரு முனை மட்டும் கருத்திருந்தாலோ சர்க்கரை கூடிவிட்டது என்று பொருள். குளிரால் ஏறிய சர்க்கரையை, 15 டிகிரிக்கும் சற்று மேலே சில வாரங்கள் வைத்து ஓரளவு இறக்கலாம். கிழங்கு மூப்படைந்து அதனால் ஏறிய சர்க்கரையை இறக்க வழியில்லை.

குளிரைக் குறைத்தால் கிழங்கு முளைக்கும். முளையை அடக்க மருந்து வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த வேலையைச் செய்தது குளோர்புரோஃபாம். சூடான புகையாகக் கிடங்குக்குள் செலுத்தப்படும் இம்மருந்து கிழங்கில் மட்டும் படிவதில்லை. சுவர், சிமென்ட் தரை, மின்விசிறி, மரப்பெட்டி என எல்லாவற்றிலும் ஊறிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, 2020 அக்டோபரோடு பயன்பாட்டை நிறுத்தியது. ஆனால் தடை வந்ததும் கட்டடம் தூய்மையாகிவிடவில்லை. கழுவித் துடைத்த கிடங்குகளிலும், மருந்தே காணாத புதுக் கிழங்கில் எச்சம் தென்பட்டதால், கிலோவுக்கு 10 மில்லிகிராமாக இருந்த எச்ச வரம்பை அடியோடு குறைக்காமல், 2021இல் 0.4 மில்லிகிராம் என்று தற்காலிகமாக வைக்க வேண்டியதாயிற்று. உருளைக்கிழங்கு காலியானபின் அதே கட்டடத்தில் தானியம் கொட்டுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்; கட்டடத்தின் எச்சம் தானியத்துக்கும் தொற்றும்.

மாற்று வழிகளிலும் விலை கொடுக்காமல் எதுவும் கிடைப்பதில்லை. புதினா எண்ணெயை முளைவிட்டபின் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியிருக்கிறது. எத்திலீன் வாயு எச்சம் விடுவதில்லை. ஆனால் சில ரகங்களில் சர்க்கரையை ஏற்றி நம்மை மறுபடியும் அக்ரிலமைடிடமே கொண்டுபோய் விடுகிறது. மலேயிக் ஹைட்ரசைடு என்னும் முளையடக்கும் மருந்தை அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன்பே வயலில் இலைமேல் தெளித்தாக வேண்டும். கிடங்குக்கு வந்தபின் நினைத்துப் பயனில்லை. டீசல் வண்டியைக் குவியலருகே ஓடவிட்டு நிற்பதும் தவறு, அதன் புகையிலும் எத்திலீன் உண்டு.

எலி, பறவை, கல், கண்ணாடி ஆகியவை எல்லோரும் அறிந்தவை. சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் துளை போதும்; விளக்குக்கு உடையாத உறை வேண்டும். 2017இல் அமெரிக்காவில், கிழங்கோடு சேர்ந்து அறுவடையான கோல்ஃப் பந்துகளின் துணுக்குகள் கலந்திருக்கலாம் என்று உறைந்த உருளைக்கிழங்குத் துருவல் திரும்பப் பெறப்பட்டது. வயலிலிருந்து எதுவெல்லாம் வரும் என்று யாரும் பட்டியலிட்டுவிட முடியாது. ஆனால் மரப்பெட்டிகளைப் பற்றிப் போதிய கவனம் இல்லை. பூஞ்சைக்கொல்லி பூசிய விதைக்கிழங்கு இருந்த பெட்டியில் உணவுக்கிழங்கைப் போடக்கூடாது. இரண்டுக்கும் வெவ்வேறு நிறம் பூசிவிடுவதே பாதுகாப்பு.

இவை எதுவும் கிழங்கைப் பார்த்த மாத்திரத்தில் தெரியாதவை என்பதால் பதிவேடு அவசியமாகிறது. எந்த வயல், எந்த ரகம், எந்தப் பெட்டி, நாள்தோறும் என்ன வெப்பநிலை, கடைசியாக எந்த மருந்து எந்தத் தேதியில் செலுத்தப்பட்டது, அதன்பின் எத்தனை நாள் கழித்தே வெளியேற்றலாம் என்பதெல்லாம் அன்றன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். வண்டி வாசலில் நிற்கும்போது பழைய தேதிகளை நினைவிலிருந்து நிரப்பும் பழக்கத்தைத் தணிக்கையாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: பக்கம் முழுதும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் ஒரே வெப்பநிலை.