போர்த்துகலில் ஒரே குடும்பம் என்று நிரூபிக்க ஐந்து நடை

நேற்றுதான் அந்தத் தாள் கைக்கு வந்தது. நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் ஒரே குடும்பமாக வாழ்கிறோம் என்று இங்கே போர்ட்டோவில் உள்ள ஓர் ஊர்மன்ற அலுவலகம் முத்திரையிட்டுக் கொடுத்த ஒற்றைத் தாள். இதற்காக ஐந்து முறை நடந்தேன். மனம் இன்னும் ஆறவில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் சூட்டோடு எழுதுகிறேன்.

விசாவில் சிக்கல் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களுக்காக 2022 அக்டோபரில் வந்த டி8 விசா. மாத வருமானம் இந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப்போல் நான்கு மடங்கு இருக்க வேண்டும். 2024இல் அது 3,280 யூரோ. நிஃப் எனப்படும் வரி எண்ணையும் ஊரிலிருந்தே வாங்கிவிட்டோம். ஆனால் விசாவின் ஆயுள் நான்கு மாதம்தான். அதற்குப் பிறகு வசிப்பு அட்டை இருந்தால்தான் தங்க முடியும். அட்டைக்கு முகவரிச் சான்று வேண்டும். நான் நடந்து வாங்கிய தாள் அதுதான்.

முதல் அடி வீட்டுக்காரரிடமிருந்து வந்தது. ஆறு மாத வாடகையை முன்பணமாக வாங்கிக்கொண்டவர், ஒப்பந்தத்தை வரி அலுவலகத்தில் பதிவு செய்யவில்லை. பதிவு செய்தால் ஒரு மாத வாடகையில் 10 சதவீதம் முத்திரைக் கட்டணம். அதன்பின் வாடகை வருமானத்துக்கும் வரி. ஊர்மன்ற எழுத்தர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பதிவு இல்லை" என்று திருப்பித் தள்ளினார். வேறு வழி உண்டா என்று கேட்டேன், பதிலே இல்லை. வழி இருக்கிறது என்று சொன்னவர் எங்கள் தெருமுனை ரொட்டிக்கடை அம்மா. அதே வட்டாரத்தின் வாக்காளர் பட்டியலில் உள்ள இருவர் சாட்சி சொன்னால் போதுமாம். அவரே கடையைச் சாத்திவிட்டு, மேல்மாடிப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு வந்தார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

வீடு வாடகைக்கு எடுக்கப் போகிறவர்களே, பணம் கொடுப்பதற்கு முன்பே பதிவைப் பற்றிக் கேளுங்கள். மழுப்பினால் வேறு வீடு பாருங்கள்.

சாட்சிகள் வந்தும் அன்று காரியம் முடியவில்லை. எங்கள் பெயர்கள் குறுக்கே வந்தன. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர். மனைவிக்கு அவளுடைய அப்பாவின் பெயர். மகளுக்கு என் பெயர். இந்நாட்டில் பிள்ளைகள் பெரும்பாலும் தாய், தந்தை இருவரின் குடும்பப் பெயரையும் சுமக்கிறார்கள். மூன்று பாஸ்போர்ட், மூன்று குடும்பப் பெயர்! "உங்கள் முதற்பெயர் எப்படி இந்தக் குழந்தையின் குடும்பப் பெயராகும்? தவறாக அச்சடித்துவிட்டார்களா?" என்று எழுத்தர் கேட்டார். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. என் மகளை என் மகள் என்று மெய்ப்பிக்க நின்ற அந்தக் கால் மணி நேரம் இன்னும் உறுத்துகிறது.

மூன்றாம் முறை திருமணச் சான்றையும் பிறப்புச் சான்றையும் கொண்டு போனேன். முதலாவதில் அப்போஸ்டில், அதாவது சான்று வெளிநாட்டிலும் செல்லும் என்று உறுதி செய்யும் முத்திரை இருந்தது; மகளின் பிறப்புச் சான்றில் இல்லை. அதைத் திருச்சியில் இருக்கும் மைத்துனருக்கு அனுப்பி, மாநில அரசின் சான்றொப்பமும் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வாங்கி, கூரியரில் திரும்பப் பெறுவதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் விமானம் ஏறுமுன் இந்த இரண்டு சான்றுகளுக்கும் அப்போஸ்டில் வாங்கிவிடுங்கள்.

வரிசையில் காத்திருந்தபோது ஓர் ஆங்கிலேயத் தம்பதியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஓய்வூதியத்தைக் காட்டி டி7 விசாவில் வந்தவர்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின், 2021 முதல் அவர்களும் நம்மைப்போல் விசா வாங்கித்தான் குடியேற வேண்டும். வெயிலுக்காக வந்தீர்களா என்று கேட்டேன். போர்ட்டோவின் குளிர்கால மழையையும் கணப்பு வசதியில்லாத ஈர வீட்டையும் சொல்லிவிட்டு, "இரவில் பயமில்லாமல் நடக்கிறோம், மருத்துவரிடம் போகக் கடன் வாங்க வேண்டியதில்லை" என்றார் அந்த அம்மா. நாங்கள் வந்த காரணமும் ஏறக்குறைய அதுதான். மகள் தனியாகப் பள்ளிக்கு நடந்து போகிறாள்.

நான்காம் முறை வேறொரு எழுத்தர். வழக்கறிஞர் சான்றளித்த போர்த்துகீசிய மொழிபெயர்ப்பை நீட்டினேன். நோட்டரி சான்றளித்தால்தான் செல்லும் என்றார். சட்டப்படி இருவருமே சான்றளிக்கலாம். அரசு அலுவலகங்கள் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், அதன் அட்டை மஞ்சள் நிறம் என்று படித்திருந்தேன். குரலை உயர்த்தாமல் அதைக் கேட்டேன். உள்ளே போனவர் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து தாள்களை வாங்கிக்கொண்டார். மறுபடியும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்த ரொட்டிக்கடை அம்மா என் முதுகில் தட்டினார். ஐந்தாம் நடை நேற்று, முத்திரையிட்ட தாளை வாங்க.

வசிப்பு அட்டைக்கு விரல்ரேகை வைக்கும் நாள் அடுத்த செவ்வாய். பிறப்புச் சான்றின் மூலத்தையும் இரண்டு நகல்களையும் இப்போதே பையில் வைத்துவிட்டேன்.